ஆறுமணிக் குருவியும் மில் சங்கும்

கோயம்புத்தூர்
யுவ வருடம் ஐப்பசி 27
(12 நவம்பர் 1935)

ராசாத்தாளுக்கு உன் தகப்பன் எழுதிக்கொள்வது. பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் வெறும் பெயரோடு விட்டிருக்கிறேன். ஜபல்பூரில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே மழைக்குக் குறைவில்லை.

நான்கு வருடம் கழித்து இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்று கேட்பாய். பதினேழு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, ஆறு வருடம் வெள்ளைச் சேலையோடு இந்த வீட்டில் இருந்தவள் நீ. பிறகு ஐயாசாமியைக் கல்யாணம் செய்துகொண்டாய். நான் பங்காளிகளோடு பேரூர் ஆற்றுக்குப் போய், செத்தவர்களுக்குச் செய்வது போல உனக்குத் தலைமுழுகிவிட்டு வந்தேன். உனக்குத் தெரிந்த கதைதான்.

உன் அம்மா ஆவணியில் போய்விட்டதை சாஜிதா பேகம் டீச்சர் உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். மூன்று நாள் காய்ச்சல்தான். உனக்குத் தந்தி கொடுக்கலாமா என்று உன் பெரியப்பன் மகன் திருமூர்த்தி கேட்டான். நான் வாய் திறக்கவில்லை. வேண்டாம் என்று அவன் எடுத்துக்கொண்டான். சரியாகத்தான் எடுத்துக்கொண்டான், பழியை அவன் தலையில் போட மாட்டேன்.

பதினாறாம் நாள் இலையில் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டோம். ஓட்டின்மேல் எட்டுக் காக்கை உட்கார்ந்திருந்தும் ஒன்றுகூட இறங்கவில்லை. போனவளுக்கு மனசுல ஏதோ குறைங்க, அதைத் தீர்த்து வெக்கறோம்னு வாய்விட்டுச் சொன்னாத்தான் எடுக்கும் என்றார்கள் பெரியவர்கள். உன் அத்தை பழனிக்கு நடந்து போவதாகச் சொன்னாள். திருமூர்த்தி வருஷா வருஷம் ஊருக்கே சோறு போடுவதாகச் சொன்னான். காக்கை அசையவில்லை. கடைசியில் நான் ஒன்று சொன்னேன். உடனே இறங்கி எடுத்தது. என்ன சொன்னேன் என்பது இப்போது வேண்டாம்.

நீ போன பிறகு உன் அம்மா விடியற்காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போகத் தொடங்கினாள். எனக்கும் சேர்த்துச் சுற்றுகிறாள் என்று நானும் பெருமையாக இருந்தேன். அவளோ பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் முனிசிபல் பூங்காவுக்குள் போயிருக்கிறாள். அடுத்த வீதி சாஜிதா பேகம் டீச்சரை மகிழமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து, உனக்குக் கடிதம் சொல்லியிருக்கிறாள். உன் பதில்களெல்லாம் டீச்சர் வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கின்றன. காரியம் முடிந்த மறுவாரம் அவற்றை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

படித்தேன். என்னைத் திட்டி எழுதியிருப்பாய் என்று பயந்துகொண்டே படித்தேன். எல்லாம் குருவி! ஆனி மாதத்தில் உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கூவுகிற குருவியும், ஐப்பசியில் நம் பூங்காவுக்கு வருகிற ஆறுமணிக் குருவியும் ஒன்றுதான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டி வைத்திருக்கிறீர்கள். அங்கே வந்தால் நீ எழுதுவது, இங்கே வந்தால் அவள் எழுதச் சொல்வது. இந்த வருடம் சொல்ல அவள் இல்லை. அதனால் நான் போனேன்.

ஆறு நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். புதருக்குள் புதைந்த எல்லைக் கல்லையெல்லாம் தேடி எடுத்த சர்வேக்காரனுக்கு ஒரு குருவி அகப்படவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் விளங்கியது. அது கூவுகிற அதே நிமிஷத்தில் மில் சங்கும் ஊதுகிறது. ஞாயிறு மில்லுக்கு லீவு. வேலியோரம் சருகுக்குள்ளிருந்து இரண்டு சீட்டி கேட்டது. பிறகு ஆளும் தெரிந்தது: பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, வால் இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி ஒரு குட்டை வால். மற்ற நாளில் அந்தச் சங்குச் சத்தத்துக்குள் உன் அம்மா அதை எப்படித்தான் கேட்டாளோ.

ஆகவே, ஆறுமணிக் குருவி வந்துவிட்டது என்று தெரிவித்துக்கொள்கிறேன். வாலாட்டிக் குருவிகளும் வந்து, புல்தரையில் தாசில்தார் மாதிரி நடக்கின்றன. தந்திக் கம்பியில் நாலைந்து பச்சை மீன்கொத்திகள் உட்கார்ந்திருந்தன. பூங்காவில் மீன் ஏது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
மு. ஈஸ்வரமூர்த்தி

கோயம்புத்தூர்
யுவ வருடம் தை 15
(28 ஜனவரி 1936)

ராசாத்தாளுக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுதவும் என்று போடுவதுதான் வழக்கம். நீதான் எழுதுவதில்லையே.

பொங்கலுக்குத் திருமூர்த்தி பல்லடத்துக்குக் கூப்பிட்டான். போகவில்லை. ஒருவனுக்காக எதற்குப் பொங்கல் வைப்பது என்று உப்புமா கிண்டினேன். அதில் காக்கைக்கு ஒரு கைப்பிடி வைத்தேன், வந்து எடுத்தது. உன் அம்மாவுக்கு உப்புமா பிடிக்காது. அவள் வந்திருந்தால் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாள். அந்தப் பார்வைக்குக்கூட இப்போது ஆளில்லை. தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, அம்மணி. ஒரு முழு நாள் போய், படுக்கும்போதுதான் இன்றைக்கு யாரோடும் பேசவில்லை என்று தெரிகிறது.

பூங்கா இல்லாவிட்டால் என்ன செய்வேனோ. பனி முழங்காலுக்கு நிற்கிறது. மாங்குயில் வந்திருக்கிறது, மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள். இருக்கிற இடம் சத்தத்தில் தெரிகிறது, பார்க்கப்போனால் இலைதான் இருக்கிறது. பெஞ்சின் ஒரு கோடியில் டீச்சர், மறு கோடியில் நான். நடுவில் உன் அம்மாவின் இடத்தை இரண்டு பேரும் விட்டுத்தான் உட்காருகிறோம். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் டீச்சர், ராசாத்தாள் கடிதம் வந்திருக்குதுங்க என்றார். எனக்கு என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன். அவருக்கு எழுதியது. பரவாயில்லை. அதில் என்னைப் பற்றி இருந்ததை மட்டும் படித்துக் காட்டினார். ஐயன் பாத்தது மீன்கொத்தி இல்லீங்க, பஞ்சுருட்டான், அது பூச்சி புடிக்கற குருவின்னு சொல்லுங்க, பனியில வெறுங்காலோட போகவேண்டாம், செருப்புப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லுங்க என்று எழுதியிருந்தாயாம். இன்னொரு தடவை படியுங்கள் என்றேன். காது மந்தம் என்று நினைத்து அவர் உரக்கப் படித்தார். மூன்றாம் தடவை பூங்காவில் உலாவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்று என் காலைப் பார்த்தார்கள். மறுநாளே செருப்பு வாங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். புல்தரையில் ஒன்று அடிக்கடி வருகிறது. மண் நிறம், இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை, வளைந்த மூக்கு, தலையில் விசிறி போல ஒரு கொண்டை. டீச்சருக்கும் தெரியவில்லை என்கிறார். தெரிந்துகொண்டே சொல்கிறாரோ என்னவோ. உனக்குத் தெரிந்தால் எழுது. எனக்கே எழுதலாம்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
மு. ஈஸ்வரமூர்த்தி

கோயம்புத்தூர்
தாது வருடம் சித்திரை 18
(30 ஏப்ரல் 1936)

சௌபாக்கியவதி ராசாத்தாளுக்கும் மாப்பிள்ளை ஐயாசாமிக்கும் அநேக ஆசீர்வாதம்.

உன் கார்டு பங்குனியில் வந்தது. ஒரு பக்கம் என் விலாசம், மறுபக்கம் நான் கேட்ட குருவியின் பெயர் மட்டும், ஒரே ஒரு வார்த்தை: கொண்டலாத்தி. தலைப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று உனக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கு அது போதும். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வேர்வையில் எழுத்துக் கொஞ்சம் கலைந்துவிட்டது.

இங்கே வெயில் கொளுத்துகிறது. மாங்குயிலும் வாலாட்டியும் போய்விட்டன. வேப்பமரத்தில் காக்கை கூடு கட்டியிருக்கிறது, குயில் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. காக்கை துரத்துகிறது. தன் முட்டை எது, அடுத்தவள் முட்டை எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்கிறார்கள். எனக்குத் தெரிந்திருந்து என்ன பிரயோசனம்? பெற்ற பிள்ளையையே தள்ளிவைத்தேன்.

காக்கைக்கு நான் சொன்னதை இப்போது சொல்கிறேன். ராசாத்தாளையும் அவ புருஷனையும் நானே கூப்பிட்டு இந்த ஊட்டுல சோறு போடறேன், நீ எடுத்துக்க தெய்வாத்தா என்று உன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பங்காளிகள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவ வந்தா நாங்க இந்த வாசப்படி மிதிக்க மாட்டோமுங்க என்று திருமூர்த்தி அன்றைக்கே சொல்லிவிட்டான். அவனுக்குப் பயந்துகொண்டு, சொன்னதை இத்தனை மாதம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உனக்குக் குருவிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனும் வருவதை நிறுத்திவிட்டான். யாருக்காகப் பயந்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் சோறு வைத்தவுடன் காக்கை இறங்கிவிடுகிறது. என் பேச்சை நம்பித்தான் இறங்குகிறது என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் பேரூருக்குப் போயிருந்தேன். ஒருத்திக்குத் தலைமுழுகியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏதாவது சடங்கு உண்டா என்று ஆற்றங்கரையில் காரியம் செய்து வைப்பவரைக் கேட்டேன். செத்தவங்களுக்குத்தானுங்க சடங்கு, உசுரோட இருக்கறவங்களுக்கு ஒரு கடுதாசி போட்டாப் போதாதுங்களா என்றார். ஆற்றில் இறங்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவிட்டேன். நான் செய்தது தப்பு, கண்ணு.

முக்கியமான செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாகப் பூங்காவில் சங்கு மட்டும்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் போய், வெயில் ஏறும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். டீச்சரும் பார்த்தார். கிளம்பிவிட்டது. ஆனியில் அங்கே வந்துவிடும். வந்ததும் ஒரு வரி எழுது. இந்தத் தடவை பெயருக்கு முன்னால் ஐயனுக்கு என்று போடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐப்பசியில் அது திரும்பவும் இங்கே வரும். அந்தக் குட்டை வாலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வருகிறது. உங்களுக்கு ரயில் இருக்கிறது. உன் அறையை வெள்ளையடித்து வைக்கிறேன். பெஞ்சின் நடுவில் இடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி பார்த்துக் கிளம்புங்கள். மறுநாள் காலையில் சங்கு இருக்காது.

இப்படிக்கு,
உன் ஐயன்