பேட்டரி இல்லாத லேப்டாப்

இன்று காலை ஆபீஸ் பீரோவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஊதிப்போன லேப்டாப் பேட்டரியின் வாசனை. நகப்பாலிஷ் அழிக்கும் திரவம் மாதிரி ஒரு தித்திப்பு. பேட்டரியை நீயே கழற்றிப் போட்டு எவ்வளவோ நாளாயிற்று. உள்ளே இருக்கும் உன் லேப்டாப் பையிலிருந்து மட்டும் அந்த வாசனை போகமாட்டேன் என்கிறது. வெளியே வானம் கறுத்துக் கிடக்கிறது. நாளைக்குக் கனமழையாம். சாயந்திரத்துக்குள் மேனேஜர் லிஸ்ட் கேட்கிறார். எந்த லிஸ்ட் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மழைக்கு முந்தின நாளும் இதே பேச்சுதான். மழை நாளில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். டெஸ்க்டாப்காரர்கள் தாம்பரம் ஆபீஸுக்கு வந்தே ஆகவேண்டும். யாரிடம் எது இருக்கிறது என்று ஆபீஸில் ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியாது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள இருந்ததே நாம் இரண்டு பேர். "ஒவ்வொரு சீட்டா யாரு போய்ப் பாக்கறது? மெஷினே சொல்லட்டும்" என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாய். அது ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் ஒரே கேள்வி கேட்கும்: பேட்டரி இருக்கிறதா? இருந்தால் லேப்டாப், இல்லையென்றால் டெஸ்க்டாப்.

வந்த விடையைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு! அக்கவுண்ட்ஸில் மேஜையை அடைத்துக்கொண்டு நின்ற பெட்டிகளெல்லாம் லேப்டாப் ஆகிவிட்டன. கரண்ட் போனால் தாங்கட்டும் என்று அவற்றோடு இணைத்திருந்த யூபிஎஸ்ஸைப் பேட்டரி என்று நம்பிவிட்டது உன் ஸ்கிரிப்ட். பேட்டரி இல்லாத உன் லேப்டாப்போ டெஸ்க்டாப் ஆகிவிட்டது. அதற்குள் லிஸ்ட் மேனேஜர் கைக்குப் போய், அக்கவுண்ட்ஸ்காரர்கள் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் பேருக்கு மட்டுமாவது கையால லேப்டாப்னு மாத்திடு. ஆத்தோரத்துல வூட்டை வெச்சுகினு நீ ஏண்டா மழையில வரணும்?" என்றேன்.

"காலைலேந்து நாலு பேர் மாத்தச் சொல்லிக் கெஞ்சினாங்க, முடியாதுன்ட்டேன். இப்ப என் பேரை மட்டும் மாத்தினா இன்னா நியாயம் மச்சான்? கையால மாத்தினா அப்புறம் ஸ்கிரிப்ட் எதுக்கு? நாளைக்கு அதையே சரி பண்றேன்."

சரியான வீம்புக்காரன் நீ. மறுநாள் அனகாபுத்தூரில் உன் தெருவில் முழங்கால் தண்ணீர். அதில் நடந்து, பம்மலில் பஸ் பிடித்து, தொப்பலாக வந்து நின்றாய். அக்கவுண்ட்ஸில் ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. ஈரச் சட்டையோடு உட்கார்ந்து ஸ்கிரிப்ட்டைத் திருத்தினாய். இனி அது பேட்டரியை நம்பாது. மெஷின் எந்த வகை என்று தயாரித்தவர்கள் உள்ளே பதித்து வைத்திருப்பதைப் படிக்கும். ஓட்டிப் பார்த்துவிட்டு நீ போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. "பாத்தியா மச்சான், நான் லேப்டாப்பு!"

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள், அழுக்குத் தண்ணீரில் நடந்தால் தொற்றுமாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மனைவி என்னைப் பார்த்து, "எந்தத் தண்ணியில நடந்தாருன்னு டாக்டர் கேக்கறாரு அண்ணா. வூட்டுக்குள்ளயும் தண்ணி, ரோட்லயும் தண்ணி. நான் எந்தத் தண்ணின்னு சொல்லுவேன்?" என்றாள். வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று சில நாள் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். சில நாள் அது எடுபடுவதில்லை. செத்துப்போனவன் மேல் கோபப்படக்கூடாதாம். எனக்கு உன் மேல் கோபம் வருகிறது, என்ன செய்ய?

இன்று நீ திருத்திய ஸ்கிரிப்ட்டைத்தான் ஓட்டினேன். ஒரு பிழை இல்லை. அக்கவுண்ட்ஸில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. அவள் டெஸ்க்டாப்போடும் ஒரு யூபிஎஸ் இருக்கிறது. உன் பழைய தப்பு அவளை வீட்டில் இருக்க விட்டிருக்கும். உன் திருத்தம் அவளை நாளைக்கு வரச் சொல்கிறது. உட்கார முடியாமல் எழுந்து அவள் சீட்டுக்கே போனேன்.

"வீட்டுக்குத் தண்ணி வருமாம்மா?"

"போன மழைக்குக் கட்டில் வரைக்கும் வந்துச்சு சார். ஆனா லிஸ்ட்ல டெஸ்க்டாப்னா வந்துதானே ஆகணும்?"

அதற்குத்தான் பீரோவைத் திறந்தேன். உன் லேப்டாப்பைத் துடைத்து, சார்ஜரோடு அவள் கையில் கொடுத்தேன். "இதுல பேட்டரி கிடையாது. ஒயரை எடுத்தா அணைஞ்சிடும்."

"கரண்ட் போயிடுச்சுன்னா சார்?"

"போனா போகட்டும். நீ வீட்டை விட்டு இறங்காதே."

திரும்பி வந்து, அவள் பெயருக்கு எதிரே இருந்த டெஸ்க்டாப்பை அழித்துவிட்டு லேப்டாப் என்று அடித்தேன். லிஸ்ட் மேனேஜருக்குப் போய்விட்டது. ஆமாம் மச்சான், கையால்தான் மாற்றினேன். வந்து திட்டேன்.