ரோஸ் சட்டைக்குப் பச்சை டை

வாண்டுவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? வாண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

மேலாளர் பதவிக்கான நேர்காணல் முடிந்தது. சாம்பல் நிறக் கோட்டுக்கு வெள்ளைச் சட்டையும் மெரூன் டையும் போடச் சொன்னாய் அல்லவா? அப்படித்தான் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக் கம்பீரமாகப் போனேன். அதே பதவிக்காகக் காத்திருந்த கணக்குப் பிரிவுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. ரோஸ் சட்டை, பச்சை டை... தர்பூசணியை வெட்டி வெச்ச மாதிரி இருக்கு."

எனக்கு வியர்த்துவிட்டது. உன்னைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்குச் சில நிறம் பிரிச்சுத் தெரியாதுங்க. வீட்டுல அவங்கதான் எடுத்து வைப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து கருநீல டை ஒன்றை எடுத்தார்.

"ரோஸுக்கு இது எடுப்பா இருக்கும். நிமிருங்க, கட்டி விடறேன்."

"ரெண்டு பேரும் ஒரே வேலைக்குத்தானே வந்திருக்கோம்?"

"அதுக்காக உங்களை இப்படியே உள்ள அனுப்ப முடியுமா?"

பதவி அவருக்குத்தான் கிடைத்தது. வருத்தப்படாதே, நல்ல மனிதர். உங்கள் இருவரையும் இங்கே அழைத்துக்கொள்வதுதான் கொஞ்சம் தள்ளிப்போகும்.

ஒரு சின்ன உதவி. துண்டுத் துணிகளில் நிறங்களின் பெயரை நூலால் தைத்து அனுப்பு. எது எந்தச் சட்டைக்கு என்று அவரைக் கேட்டு, காலரின் உள்ளே வைத்துத் தைத்துக்கொள்கிறேன். பேனாவால் எழுதினால் போதாதா என்பாய். போதும்தான். ஆனாலும் நீ தைத்தது கழுத்தில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அலுவலக வண்டி ஹாரன் அடிக்கிறது. ஓடுகிறேன்.

உன்னவன்