அறிவிப்பில் இல்லாத சோறு

3 மார்ச் 1952, திங்கள்
எங்கள் சர்க்கார் ஆபீசுக்கு இன்னொரு அவசரகால உத்தரவு தமிழில் மொழிபெயர்க்க வந்தது. ரப்பர் தோட்டத்து கேட்டைத் தாண்டி ‘ரைஸ்’ கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். எந்த ரைஸ்? அரிசியா, சோறா? இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். தலைமைக் கிளார்க் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் கேட்டேன். அவர் நிமிரவே இல்லை.

“பிள்ளை, ரைஸ் எண்டால் அரிசி. அகராதியைப் பார்.”

“ஐயா, பால்மரம் வெட்டப் போறவங்க தூக்குச்சட்டியில சோறு கொண்டு போவாங்களே. அதையும்—”

“துரையிட்டை நான் போய்க் கேக்கவோ? எழுது, ஜெயமணி.”

அரிசி என்று எழுதினேன்.

12 மார்ச்
நினைத்தது நடந்துவிட்டது. மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராமையா என்பவர் ஆபீசுக்கு வந்தார். அவர் மனைவி முனியாயியை நேற்றுக் காலை கேட்டில் பிடித்துவிட்டார்கள். சட்டியில் மத்தியானச் சோறு. வீட்டில் பால்குடி பிள்ளை. அவர் கையில் நான் எழுதிய தமிழ் அறிவிப்பு.

“இதுல சோறுன்னு எங்கம்மா இருக்கு? லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் நாந்தான் படிச்சுக் காட்டினேன். அரிசிதான் கூடாது, சோறு கொண்டு போலாம்னு நானே சொன்னேம்மா.”

ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் ஓடினேன். “சட்டம் இங்கிலிசிலைதான் பிள்ளை. தமிழ் சும்மா விளங்கப்படுத்த” என்றார்.

சும்மாவா? அந்தச் சும்மாவை நம்பித்தானே ஒரு பொம்பளை ஸ்டேஷன்ல உக்காந்திருக்கா!

13 மார்ச்
கோபத்தில் மூன்று தாள் தப்பாக டைப் அடித்தேன்.

17 மார்ச்
பக்கத்து மேசை யூசோப் எழுதிய மலாய் அறிவிப்பை வாங்கிப் பார்த்தேன். பெராஸ், நாசி — அரிசி, சோறு, இரண்டையும் போட்டிருக்கிறார். யாரையும் கேட்கவில்லையாம். “சந்தேகம்னா ரெண்டையும் எழுதணும்லா” என்றார் சிரித்துக்கொண்டு. எனக்கு ஏன் அது தோன்றவில்லை? கேட்டேன், பதில் வந்தது, கையைக் கட்டிக்கொண்டு எழுதினேன். என் மேல்தான் இன்னும் ஆத்திரம்.

முனியாயிக்குச் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகப் போகிறேன் என்றேன். “போனால் திரும்பி இந்த மேசைக்கு வராதை” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

20 மார்ச்
போனேன். அரிசி, சோறு இரண்டும் ஒன்றுதானே என்றார் மாஜிஸ்திரேட். மலாய் அறிவிப்பை நீட்டினேன். அவருக்கு மலாய் தெரியும். இரண்டு தாளையும் அருகருகே வைத்து, மலாயில் இரண்டு சொல் இருப்பதைப் பார்த்தார். தமிழை எழுதியது யார்? நான். சந்தேகம் கேட்டாயா? கேட்டேன்.

“இந்தப் பெண் என்னிடம் எதையும் கேட்கவில்லை” என்றார் ஆபீஸ் சார்பில் வந்திருந்த ஸ்ரீஸ்கந்தராஜா, நல்ல இங்கிலீஷில், என் முகத்தைப் பார்க்காமல். படித்த மனுஷன்! வெட்கமில்லை?

தமிழ் அறிவிப்பில் சோறு இல்லை என்று முனியாயியை விட்டுவிட்டார்கள். வாசலில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறினாள்.

“அன்னிக்கே சோறுன்னு எழுதியிருந்தா எம் புள்ளைய விட்டுட்டு ஒம்பது நாளு உள்ள கெடந்திருப்பேனா?”



21 மார்ச்
என் மேசையில் வேறொருத்தி.

16 ஏப்ரல்
மஸ்ஜித் தானா தொழிற்சங்க ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து மூன்று நாள். இன்று முனியாயி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. தோட்டத்துத் துரை கொடுத்த கடிதத்தை நீட்டினாள். நாசூக்கான இங்கிலீஷ். “வேலையிலேருந்து உங்களை விலக்கி...” என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

“விலக்குறதாவது? ரிஜிஸ்டர்ல பேரை வெட்டிட்டாங்க. அப்படி எழுதும்மா.”

லேபர் ஆபீசுக்கு மனு. ‘பேரை வெட்டிட்டாங்க’ என்பதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் தேடி நான்கு தாள் கிழித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஐந்தாவதுக்குத்தான் தலையாட்டினாள். பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தாள்.