ஊஞ்சல் வண்டியிலிருந்து இறங்க

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்த முதல் வரி. இங்கே நானும் உன் தம்பியும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, இருக்கிறோம் என்பதைத்தான் பொய்யில்லாமல் எழுத முடிகிறது. ஃபோனை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். இந்த ரெண்டு அறை வீட்டில் ஃபோனில் எதைப் பேசினாலும் சின்னவன் காதில் விழுகிறது, அவனுக்குப் புரியாது என்று நாம் நினைப்பதெல்லாம் அவனுக்குத்தான் முதலில் புரிகிறது. நீயும் நான் அப்பா பேச்சை எடுத்தாலே டிக்கெட் போடட்டுமா, துணி எடுத்து வைத்தாயா என்று தாவிவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது பார், அதற்காகத்தான். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்றாயே, விரலைக் கடிக்க விடாதே, சுத்தமான ஈரத் துணியை மடித்துக் கொடு. சலவைக் கடையில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது, முதலாளியம்மா என் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் தானே நின்று இஸ்திரி போடுகிறாளாம், அவள் போட்ட சட்டைகளைப் பார்த்தவர்கள் நான் எப்போது வருவேன் என்று கேட்கிறார்களாம். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்.

அப்பாவும் தம்பியும் ரயிலில் சுற்றியது உனக்குத் தெரியும், எப்படிச் சுற்றினார்கள் என்பது நீ வெளிநாடு போன பிறகு நடந்த கதை. அப்பா அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றார், அதே வருஷம் தம்பி அட்டைப்பெட்டி மடிக்கப் போய்க்கொண்டிருந்த கூடத்தையும் மூடிவிட்டார்கள். ரெண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து என் உயிரை எடுக்காமல் காலையில் சுரங்க ரயிலுக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். ஒரு நாள் சிவப்புத் தடம், மறுநாள் நீலம், ஏறினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், நடுவில் இறங்குவது அவர்கள் சட்டத்திலேயே கிடையாது. வேலைக்குப் போன காலத்தில்கூட இவர் இப்படி நேரத்துக்குக் கிளம்பியதில்லை என்று நான் கேலி செய்வேன். ரெண்டு ஆம்பளைங்க வீட்டை விட்டுத் தொலைஞ்சா உனக்கு நிம்மதிதானே என்பார். நிம்மதியாகத்தான் இருந்தேன். வண்டியில் அப்பா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவார், தம்பி ஒவ்வொரு நிலையத்தின் பேரையும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவான். கோடிக்குப் போனதும் ரயில்வே ஆள் ஒருவர் பெட்டி பெட்டியாக வந்து தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவார், இவர்கள் இறங்கி எதிர் வண்டி பிடிப்பார்கள். பெரிய தடம் முடிந்த பிறகு தம்பிக்குப் பரிசு அந்த ஷட்டில். ரெண்டு பெரிய நிலையங்களுக்கு நடுவில் போவதும் வருவதுமாக ஒரு குட்டி வண்டி ஓடுமே, மதியத்தோடு நிறுத்திவிடுவார்களே, அதற்குத் தம்பி வைத்த பேர் ஊஞ்சல் வண்டி. அது எந்தக் கோடியிலும் நின்று நிதானிப்பதில்லை, கதவு திறக்கும், ஆட்கள் மாறுவார்கள், உடனே திரும்பிவிடும். அங்கே யாரும் பெட்டிக்குள் வந்து தட்டி எழுப்புவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்க வேண்டும். சின்ன வயதில் தம்பி ரயிலிலிருந்து இறங்கவே மாட்டான். வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு சந்து தெரிகிறதே, அதற்குள்ளிருந்து ஏதோ காலைப் பிடித்து இழுக்கும் என்று கத்தி ஊரைக் கூட்டுவான். ஏறும்போது பயமில்லை, இறங்கும்போதுதான். அப்பா தூக்கிப் பார்த்தார், நான் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. நீதான், அப்போது உனக்கே மீசை முளைக்கவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, தாண்டு" என்றாய். அவன் தாண்டினான். அன்றிலிருந்து யாராவது எண்ணினால்தான் இறங்குவான், இந்த முப்பத்தாறு வயது வரைக்கும் அப்படித்தான். அப்பா உன் வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டார், நானும்தான். எண்ணாமல் இறங்கக் கூடாது, ரயிலில் சத்தம் போடக் கூடாது, இந்த ரெண்டையும் அவன் தலையில் ஆணி அடித்த மாதிரி ஏற்றினோம். சத்தம் போட்டால் ஆட்கள் முறைக்கிறார்கள், புகார் சொல்கிறார்கள், அவனை இனிமேல் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டால் அவன் எங்கே போவான் என்ற பயம் நமக்கு. அவன் நல்லதுக்குத்தான் சொல்லிக் கொடுத்தோம். அவனும் நல்ல பிள்ளையாக அப்படியே கேட்டான்.

அன்றைக்கு நடந்தது எனக்கே பாதிதான் தெரிந்திருந்தது, உனக்கு ஃபோனில் சொன்னதும் அந்தப் பாதியைத்தான். அப்பா ஷட்டிலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார், வண்டியை நிறுத்தும் வரைக்கும் தம்பி பக்கத்திலேயே இருந்திருக்கிறான், யாரையும் கூப்பிடவில்லை என்று சொன்னேன். மீதியைப் போன வாரம் அந்த ஷட்டிலை ஓட்டுகிற பெண் சொன்னாள். வீடு தேடி வந்தாள், உள்ளே வரச் சொன்னால் வாசலிலேயே நின்று அழுகிறாள். ஒவ்வொரு கோடியிலும் அவள் இறங்கி, பிளாட்பாரத்தோடு நடந்து, அந்த முனையில் இருக்கிற ஓட்டுநர் அறைக்குப் போக வேண்டுமாம், அப்போது ஜன்னல் வழியாக இவர்களைப் பார்ப்பாளாம். தினமும் பார்க்கிற முகம், அப்பா எப்போதும்போல் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள். தம்பி சீட்டில் இல்லையாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "கதவு தெறக்கும்போதெல்லாம் வாசல்ல வந்து நிப்பாரும்மா, கால நீட்டுவாரு, உடனே இழுத்துக்குவாரு, திரும்பித் திரும்பி அப்பாவப் பாப்பாரு. நான் கை ஆட்டுனேன், அவரும் ஆட்டுனாரு. வெளையாடுறாருன்னு நெனச்சுட்டேன்மா." புரிகிறதா பெரியவனே. அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆள் கூப்பிடத்தான் இறங்கப் பார்த்திருக்கிறான், இந்தக் கோடியில் ஒரு தடவை, அந்தக் கோடியில் ஒரு தடவை, மதியம் வண்டியை நிறுத்துகிற வரைக்கும் பார்த்திருக்கிறான். எண்ணுவதற்கு ஆள் இல்லை. எண்ண வேண்டியவர் ஜன்னலில் சாய்ந்து கிடக்கிறார். கத்தக் கூடாது என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோம். ஏறி இறங்கினவர்களில் ஒருத்தராவது பார்த்திருக்க மாட்டார்களா என்று நானும் நெஞ்சில் அடித்துக்கொண்டேன், அடுத்த நிலையத்தில் இறங்கப் போகிறவர்கள் யார் முகத்தை யார் பார்க்கிறார்கள்.

சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். எதுவும் பண்ணியிருக்க முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் உனக்கு அதை எழுதி உன் மனதைத் தேற்றியிருப்பேன், அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். தெரியாது என்பதை வைத்துக்கொண்டுதான் நாம் மூன்று பேரும் மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும். ஆனால் நீ அன்றைக்கு ஃபோனில் சொன்னாயே, நான் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்திருந்தேன், "பக்கத்துலயே உக்காந்துகிட்டு அப்பாவைச் சாக விட்டுட்டியேடா" என்று, அது அவன் காதில் விழுந்துவிட்டது. விமானத்தில் இடம் கிடைக்காமல், அப்பா முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் தவித்த வாய்தான் அது, நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உன்னைப் பெற்றவளுக்கு உன் அழுகை எது கோபம் எது என்று தெரியாதா. அவனுக்குத் தெரியாது. அவனுக்கு அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

அந்த நாளிலிருந்து அவன் ரயிலிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறான். வீட்டில் அடைத்து வைத்தால் தலையைக் கதவில் முட்டுகிறான், கீழ்வீட்டுக்காரர் ரெண்டு தடவை மேலே வந்து கேட்டுவிட்டார். கதவைத் திறந்தால் நேராக ஊஞ்சல் வண்டிக்குப் போய் அதே சீட்டில் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் கையை வைத்துக்கொள்கிறான், யாரையும் உட்கார விடுவதில்லை. நானும் முட்டிவலியோடு எதிரில் உட்கார்ந்து போகிறேன் வருகிறேன், போகிறேன் வருகிறேன், உன் அப்பா இத்தனை வருஷம் இதில் என்ன சுகத்தைக் கண்டாரோ தெரியவில்லை, சுவர்தான் ஓடுகிறது. மதியம் வண்டியை நிறுத்தினதும் நான் எண்ணுகிறேன். முன்பெல்லாம் என் குரலுக்கும் தாண்டுவான். இப்போது தலையை ஆட்டுகிறான். "நீ இல்லம்மா, அண்ணன் சொல்லட்டும்" என்கிறான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. ரயில்வே காவலர்கள் ரெண்டு பேர் அக்குளில் கை கொடுத்து இழுக்கிறார்கள், சந்து வரும்போது அவன் போடுகிற சத்தம் இருக்கிறதே, பெற்ற வயிறு தாங்காது. போன வெள்ளிக்கிழமை ஒருவர் கையைக் கடித்துவிட்டான். நிலைய அதிகாரி நல்ல மனிதர்தான், என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார், இன்னொரு தடவை இப்படி ஆனால் நலத்துறைக்கு எழுத வேண்டியிருக்கும், அவர்கள் வந்து இவனை மாதிரி ஆட்களை வைத்துப் பார்க்கிற விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதன் பிறகு அவர் கையில் ஒன்றும் இல்லை என்று.

அந்த விடுதியைத்தான் நீயும் சொல்கிறாய், அவனை அங்கே விட்டுவிட்டு நீ என்னிடம் வந்துவிடு என்று. உன் அன்பு எனக்குப் புரிகிறது. நான் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். சுத்தமாக இருக்கிறது, கட்டிலுக்குக் கட்டில் ஒரே இடைவெளி, வாசலில் பூட்டு. அவன் வயதுக்காரர் ஒருவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, யாருடைய அம்மா என்று நினைத்தாரோ. என் காலத்துக்குப் பிறகு அங்கேதான் என்றால் அதை அப்போது பார்க்கலாம். என் கண் திறந்திருக்கும்போது வேண்டாம். டிக்கெட் போடாதே. நான் வரப்போவதில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள், நீ அள்ளித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. வருகிற வியாழக்கிழமை, இங்கே மதியம் ஷட்டிலை நிறுத்துகிற நேரத்துக்கு ஃபோன் செய். அங்கே உனக்கு விடியற்காலையாக இருக்கும், ஒரு நாள் தூக்கம் கெட்டால் பரவாயில்லை. அந்த ஓட்டுநர்ப் பெண்ணிடம் பேசிவிட்டேன், அன்றைக்குக் காவலர்களைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன் என்றிருக்கிறாள். நான் ஃபோனை அவன் காதில் வைக்கிறேன். மன்னிப்புக் கேட்காதே, அவனுக்கு அது விளங்காது. உன் தப்பு இல்லை என்று விளக்காதே, அழாதே, அழுதால் அவனும் ஆரம்பித்துவிடுவான். அப்பாவைப் பற்றி ஒன்றும் பேசாதே. எண்ணு, போதும். வியாழக்கிழமைக்குள் இது கிடைக்காவிட்டால் நான் எப்படியாவது அவனைச் சமாளித்து வைக்கிறேன், அடுத்த வியாழன் வரைக்கும், அதற்கு மேல் என்னால் முடியாது.

நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, அப்பாவை நினைத்துத் தனியாக உட்காராதே, நினைப்பு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொள். ஃபோனில் எண்ணும்போது அவசரப்படாதே. ரெண்டு என்ற பிறகு கொஞ்சம் மூச்சு விட்டுச் சொல், அவனுக்குக் காலைத் தூக்க நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரெண்டு பேருக்கும்
அம்மா