ஜோடியில்லாத நீர்நாய்

சிபாயிஷ்
3 நவம்பர் 2021

பெரியப்பா மகன் கையூனுக்கு,

அல்லாஹ் உங்களையும் எருமைகளையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். உங்களையே கட்டிக்கொண்டு பதினாறு வருடம் ஆகியும் சின்ன வயதில் கூப்பிட்ட முறை மாறவில்லை, பாருங்கள்.

சதுப்பில் தண்ணீர் வற்றி, நீங்கள் எருமைகளை ஆற்றோரத்துக்கு ஓட்டிப் போய் இரண்டு மாதமாகிறது. தீவன லாரிக்காரரிடம் இரண்டு கடிதம் கொடுத்தனுப்பினேன், பதிலே இல்லை. அங்கே சிக்னல்தான் கிடையாது, பேனாவுமா கிடையாது?

தனியாகக் கிடப்பவளுக்கு ஒரு வேலை வேண்டுமே, நடுவில் நீர்நாய் உருவம் வைத்துப் போர்வை தைக்கிறேன். வலையைக் கிழிக்கிறது என்று நம் ஆட்கள் பொறி வைத்து நீர்நாய்களைக் கொன்று தீர்க்கிறார்கள். வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? நாணல் மண்டபத்தில், அவர்கள் காபி குடிக்கும் இடத்துக்கு எதிரே தொங்கவிட்டால் தினமும் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

பழுப்பு நூல்தான் படுத்தி எடுத்தது. கடைசியில், போன குளிர்காலத்தில் நீங்கள் வாங்கித் தந்த கோட்டின் காலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயம் போட்டேன். ஏதோ வெளிநாட்டு மிருகத்தின் ரோமம் என்றீர்கள், அப்படியே நம் நீர்நாயின் நிறம்.

உங்கள் சித்தப்பா மகள்,
நஷ்மியா


ஆற்றோரம்
29 நவம்பர்

நஷ்மியாவுக்கு,

எருமைகள் சுகம், ஒன்று மட்டும் காலை நொண்டுகிறது. நான் வைக்கிற சோற்றை நானே தின்ன வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் தண்டனை வேண்டுமா? ராத்திரியானால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. பதில் போடாதது என் தப்புதான்.

போர்வையில் நாரை வை, வாத்து வை. நீர்நாய் எதற்கு? கோட்டைப் போட்டுக்கொள்ளத்தான் வாங்கினேன், சாயம் பார்க்க அல்ல. மழை வந்ததும் திரும்பி வருகிறேன்.

கையூன்


சிபாயிஷ்
10 ஜனவரி 2022

பெரியப்பா மகனுக்கு,

நாரையும் வாத்தும் ஓரத்தில் இருக்கின்றன. நடுவில் நீர்நாய்தான். மண்டபத்தில் தொங்கவிட்டாயிற்று, தலைவரே அனுமதி கொடுத்தார். பெண்கள் உள்ளே உட்காருவதில்லையே, நான் வாசலில் நின்றேன்.

கல்யாணப் போர்வையில் எந்த உயிரையும் ஜோடியாகத்தானே தைப்போம். நான் ஒன்றை மட்டும் தைத்துப் பக்கத்தில் இடம் விட்டிருந்தேன். மீன்காரர் சக்பான் கண்ணுக்கு அது தப்புமா? "ஏன்மா, இது ஒத்தையா நிக்குது? நூலு தீந்துபோச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் பாத்ததத்தான் தச்சேன். போன வருஷத்துலேருந்து நம்ம வாய்க்கால்ல ஒண்ணுதான் சுத்துது. விடியக்காலைல கத்திக் கத்திக் கூப்பிடுது. ஜோடிய யாரு கொன்னீங்க?" என்று கேட்டேன்.

அதன் பிறகு சிரிப்பு இல்லை. தலைவர் சத்தியம் கேட்டார். தர்காவில் அடங்கியிருக்கும் மகான் அப்பாஸ் மேல் ஆணையிட்டு ஒவ்வொருவராக, நான் கொல்லவில்லை, இனிப் பொறியும் வைக்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் யாரோ, "கையூன் இங்க இல்லையே" என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்காக நானே அப்பாஸ் மேல் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். எனக்குத் தெரியாதா உங்களை?

மழை இரண்டு நாள் பெய்தது. உங்களைத்தான் காணோம்.

நஷ்மியா


ஆற்றோரம்
2 பிப்ரவரி

நஷ்மியா,

யார் உன்னைச் சத்தியம் செய்யச் சொன்னது? பொய்ச் சத்தியத்தை அப்பாஸ் சும்மா விடமாட்டார், அது உன் தலையில் விழுந்திருக்கிறதே.

கொன்றது நான்தான். புது வலையைக் கிழித்துவிட்டது, ஆத்திரத்தில் பொறி வைத்தேன். கடைவீதியில் கொடுத்துத் தோலைப் பதம் பண்ணி உன் கோட்டுக்குக் காலராகத் தைக்கச் சொன்னேன். குளிரில் நீ நடுங்குவதைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் போட்டுக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் வெளிநாடு என்றேன்.

வரட்டுமா? வா என்று ஒரு வரி எழுது, போதும்.

கையூன்


சிபாயிஷ்
20 பிப்ரவரி

கையூனுக்கு,

மண்டபத்து வாசலுக்குப் போய், நான் செய்தது பொய்ச் சத்தியம் என்று சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன். சக்பான் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

காலரைப் பிரித்தெடுத்து, போர்வையில் விட்டிருந்த இடத்தில் வைத்துத் தைத்தேன். இப்போது ஜோடியாகிவிட்டது. நிறத்தில் துளியும் வித்தியாசமில்லை. எனக்கும் உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்திருக்கும். எத்தனை தடவை அதைத் தடவிப் பார்த்தேன்.

வா என்று எழுதச் சொல்கிறீர்கள். முதலில் மண்டபத்துக்குப் போங்கள். அந்தப் போர்வைக்கு எதிரே நின்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். அதுவரை லாரிக்காரரிடம் கடிதம் கொடுக்க வேண்டாம், நான் வாங்கமாட்டேன்.

வாய்க்காலில் அது இன்றைக்கும் கத்தியது. எழுந்து போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

காலர் இல்லாத கோட்டில் கழுத்து சில்லிடுகிறது. பழகிக்கொள்வேன்.

நஷ்மியா