திமிங்கலத்தின் இடது தோள்

அன்புள்ள திமிங்கலக்காரருக்கு,

உங்கள் ஏணிக்காரி எழுதுவது. நானும் மகளும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீங்கள் போனில் கேட்டால் மட்டும் கூடிவிடுகிறது, பயப்படாதீர்கள். சமையலறைக் குழாய்க்கு நானே வாஷர் மாற்றிவிட்டேன். வேலை நிரந்தரமாகும் உத்தரவு இந்த மாதம் வரும் என்றீர்களே, அதற்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். நடுவில் நீங்கள் பேசுவீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

மியூசியத்தில் நாம் எலும்பு கோர்த்துத் தொங்கவிட்ட திமிங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு டால்பின் எலும்புக்கூட்டைத் தொங்கவிடுகிறோம். இரண்டும் ஒரே திசையில் நீந்துவதுபோல. டால்பினின் தோள்பட்டை எலும்பில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முனை தலைப் பக்கம் பார்க்கிறது. நம் திமிங்கலத்தில் அதே முனை வாலைப் பார்க்கிறது. ஏணியிலிருந்து இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தேன். வாலைத்தான் பார்க்கிறது. இடது துடுப்பு வலப்பக்கமும் வலது துடுப்பு இடப்பக்கமும் மாட்டியிருக்கிறோம்.

எப்படி நடந்தது என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. பிறகு அது செத்து ஒதுங்கிய கடற்கரை நினைவுக்கு வந்தது. சதை மக்கி எலும்பு கிடைக்க உடலைப் புதைப்பதற்கு முன் துடுப்புகளைத் தோளோடு வெட்டி, தனித்தனி வலைப் பையில் போட்டு, நீங்கள்தான் நூல் கட்டினீர்கள். இடதுக்குச் சிவப்பு, வலதுக்கு நீலம். வால் பக்கம் நின்று தலையைப் பார்த்தால் நம் இடதுதான் அதன் இடது என்பது உங்கள் வழக்கம். குப்புறக் கிடக்கும் மிருகத்துக்கு அது சரி. அன்று அது மல்லாந்து கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடப் பார்த்த அவசரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

அந்தத் திமிங்கலத்தின் படங்களைப் பார்த்துத்தான் இப்போது நீங்கள் இருக்கும் ஊர் மியூசியம் உங்களை வேலைக்குக் கூப்பிட்டது. அதில் ஒரு படத்தை அவர்கள் வாசலில் பெரிதாக மாட்டியிருப்பதாகவும் சொன்னீர்கள். அந்தப் படத்திலும் முனை வாலைத்தான் பார்க்கும்.

இயக்குநரிடம் சொன்னேன். புதுக் கூடத்தின் திறப்பு விழா நெருங்குகிறது, பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்ப்பார்களே தவிர தோள்பட்டையையா பார்க்கப் போகிறார்கள், உன் வீட்டுக்காரர் வேலைக்கும் நீயே உலை வைக்கப் போகிறாயா என்றார். அவர் கெட்டவர் இல்லை. உங்கள் மேல் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் எனக்கு உடனே நினைவு வந்தது நீங்கள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதைதான்.

அந்தக் காலத்து அறிஞர் ஒருவர் நீளக் கழுத்துக் கடல் விலங்கின் எலும்புகளைக் கோர்த்து, கழுத்தை வால் என்று நினைத்து, தலையைக் கொண்டுபோய் வால் நுனியில் வைத்தாரே, அந்தக் கதை. தெரிந்ததும் அச்சான பிரதிகளைத் திரும்ப வாங்கிவிட அவர் அலைந்தாராம். அலைந்து என்ன பயன்? இத்தனை காலம் கழித்தும் நம் கூடத்தில் நீங்கள் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தீர்கள். இன்னொரு விலங்கின் கட்டைவிரல் முள்ளை மூக்கில் கொம்பாக வைத்தார்கள் என்பீர்கள். முழு எலும்புக்கூடுகள் சுரங்கத்தில் கிடைத்ததும் அறிஞர்கள் கொம்பைக் கைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பு செய்த சிலை மட்டும் மூக்கில் கொம்போடு இன்றைக்கும் ஒரு பூங்காவில் நிற்கிறது என்பீர்கள். நம் திமிங்கலம் அந்தச் சிலை மாதிரி நிற்கக் கூடாது.

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். "யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நாங்க எலும்பு கோர்க்கல சார். திங்கட்கிழமை துடுப்பை இறக்க செயின் பிளாக் வேணும்."

சரி என்றார். விளக்கப் பலகையில் யார் தப்பு என்று எழுதுவது என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேரும்தான் கோர்த்தோம், ரெண்டு பேரையும் போடுங்க" என்றேன். நூல் கட்டியது நீங்கள் என்றாலும் மாட்டும்போது முனையைப் பார்க்காதது நான்தானே.

ஆகவே திங்கட்கிழமை துடுப்புகள் இறங்கும். திறப்பு விழா அன்று திமிங்கலம் துடுப்பில்லாமல்தான் தொங்கும். துடுப்புகள் கீழே மேசை மேல் இருக்கும், நடந்ததைச் சொல்லும் பலகையோடு. துடுப்புக்குள்ளே நம் கை மாதிரியே விரல் எலும்புகள் இருப்பதை எல்லோரும் பக்கத்தில் வந்து பார்க்கட்டும்.

இனி உங்கள் பங்கு. பலகையின் படம் அங்கே வந்து சேர்வதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்களை வாசலில் இருக்கும் படத்துக்கு முன்னால் நிறுத்தி, முனையைக் காட்டிச் சொல்லுங்கள். கோபப்பட்டாலும் படட்டும். கட்டியவரே வந்து சொன்னார் என்பது உங்களோடு நிற்கும். உத்தரவு வராமல் போனால் போகட்டும், என் சம்பளத்தில் வீடு ஓடும். நிஜமாகவே ஓடும்.

மகளுக்கு முன்பல் விழுந்தது. சிவப்பு நூல் கட்டி, அப்பா வந்ததும் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். கண்ணாடியில் பார்த்து இடது என்று முடிவு செய்தாளாம். வாயைத் திறக்கச் சொல்லி நானும் பார்த்தேன். அவளுக்காவது சரியாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனதைத் தளரவிடாதீர்கள். துடுப்புகளை இறக்க இங்கே ஆள் இருக்கிறது. திரும்ப மாட்டவும் ஆள் தருகிறேன் என்றார் இயக்குநர். வேண்டாம், என் வீட்டுக்காரர் விடுப்பில் வரும்வரை மேசையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
உங்கள் ஏணிக்காரி