மாமனார் வீட்டுத் துப்பாக்கி

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நான் இன்னும் சம்மதிக்கவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அறைத்தோழி அடுப்பு லைட்டரைச் சொடுக்கினால் உனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, அதனால் நீ இன்னும் தீக்குச்சியில்தான் அடுப்பு பற்றவைக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் அம்மா காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பதில்தான் இது. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய். நான் அதற்கு முன்பே அழுதுவிடுவேன். கடிதம் என்றால் யார் மூக்கைச் சிந்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது பார்.

போன மாதம் நம் கடைக்குப் பக்கத்துப் பாலிஷ்காரர், மேஜை நாற்காலிக்கு மெருகு போடுவாரே அவர்தான், நீளமாக ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, செத்த தையல் மிஷினையே எழுப்பி உட்கார வைக்கிற ஆளு நீங்க. இதையும் பாருங்க" என்றார். கட்டை அவர் பொறுப்பு, இரும்பு என் பொறுப்பாம். பிரித்தேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்கும் பழங்காலத்துத் துப்பாக்கி. கல் உரசிப் பொறி பறந்தால் வெடிக்கிற வகை. கட்டையில் நாய் கடித்ததுபோல ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. உன் மாமனார் வீட்டு ஹாலில், சோபாவுக்கு மேலே தொங்கிய அதே சனியன்.

நீ தேநீர்த் தட்டோடு வரும்போதெல்லாம் அவர் அதை இறக்கி உன் நெற்றிக்கு நேரே பிடிப்பாரே. "எதிர்த்துப் பேசுற மருமகளுக்கு இதுதான் மருந்து" என்று சொடுக்குவாரே. எல்லாரும் சிரிப்பார்கள், உன் வீட்டுக்காரன் உட்பட. நீ பெட்டியோடு வந்து நின்றபோது சொந்தபந்தம் உனக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. விளையாட்டுக்குப் பயந்து வாழ்க்கையையே விட்டுவிட்டு வந்தவளாம். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

இப்போது உள்ளே இருக்கிற வில், அதுதான் ஸ்பிரிங், உடைந்து சொடுக்கு போய்விட்டதாம். பழையபடி கணீரென்று சத்தம் வர வேண்டுமாம். செய்தவர் யாரென்று கண்டுபிடித்துப் பித்தளைத் தகட்டில் பொறித்துப் பதிக்கவும் வேண்டுமாம், விருந்தாளிகளுக்குக் காட்ட. என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று பாலிஷ்காரரிடம் சொல்லி வாங்கி வைத்தேன். நல்ல எண்ணத்தில் வாங்கவில்லை, அம்மாடி. உன் மாமனார் மானத்தை வாங்க இதைவிட்டால் வேறு வழி கிடைக்காது என்றுதான் வாங்கினேன்.

செய்தவரைத் தேடிய கதையைக் கேள். குழலின் மேல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு சிங்க முத்திரையைக் கண்டுபிடித்துவிட்டேன். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள். சிங்கம் துணியோடு வந்துவிட்டது. அழுக்கு. பிறகு கழற்றிப் பார்த்தால் குழலில் ஒரு எண், பொறி தட்டுகிற பூட்டில் வேறு எண். திருகுகளில் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கட்டைக்கு ஒட்டுப்போட்ட மரம் ஏதோ கதவிலிருந்து வந்தது. கீல் வைத்த பள்ளம் இன்னும் இருக்கிறது. மூன்று துப்பாக்கிகளின் மிச்சத்தை யாரோ பெயர் தெரியாத ஒருவர் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார். குழலுக்குள் வரி வரியாக வெட்டியிருந்தது மட்டும் நல்ல வேலை.

குழலின் பின்பக்கத் திருகு துருவேறி அசையவில்லை. சூடு காட்டினால் இளகும் என்று உன் புத்திசாலி அப்பா ஊதுவிளக்கை எடுத்து வைத்துவிட்டேன். பற்றவைப்பதற்கு முன்னால் உன் அம்மா உறை தைக்க அளவு எடுக்க வந்தாள். கம்பியை உள்ளே விட்டு, வெளியே வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, "உள்ள நாலு விரக்கடை குறையுதே" என்றாள். "உன் அளவு நாடா இழுபட்டுப் போச்சு" என்று அவளைக் கிண்டல் செய்தேன். அவள் கம்பியை மறுபடி விட்டுக் காட்டினாள். அடிவரை போகாமல் எதிலோ முட்டி நின்றது.

கல்குவாரியில் வெடி வைத்துப் பழகிய நம் எதிர்வீட்டுக்காரரை அழைத்து வந்தேன். அவர் என் ஊதுவிளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் காலி செய்தார். ஊறிய வெடிமருந்து கறுப்பாகக் குழம்புபோல வந்தது. அதற்கு முன்னால் வந்து விழுந்தது ஒரு ஈயக்குண்டு, புளியங்கொட்டையைவிடப் பெரியது.

புரிகிறதா, மகளே? உன் நெற்றிக்கு நேரே பிடித்தபோதெல்லாம் அது உள்ளேதான் இருந்தது. பொறி உள்ளே போகிற சிறு துளையைத் துரு அடைத்திருந்தது. அந்த வீட்டில் உன் பக்கம் நின்ற ஒரே ஜீவன் அந்தத் துரு.

குண்டை வெளியே எடுக்காமலே கொடுத்திருக்கலாமே என்றுகூட எனக்குத் தோன்றியது. துளையைச் சுத்தம் செய்து, வில்லையும் மாற்றி, கும்பிடு போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் குழலின் வாய் ஒருநாளும் அவர் பக்கம் திரும்பாது. இப்போது தட்டோடு வருவது அவருடைய இளைய மருமகள். ஆகவே புது வில் போட்டேன். சத்தம் கணீரென்று வந்தது. தகட்டையும் பொறித்தேன். கடைசி எழுத்துகளுக்கு இடம் போதாமல் மூலையில் நெருக்கியடித்து நிற்கின்றன. தகட்டின் ஆணியை மட்டும் எவனாலும் பிடுங்க முடியாதபடி அடித்தேன்.

விருந்தாளிகள் வந்த அன்று பாலிஷ்காரரோடு நானும் போனேன், சுவரில் மாட்டுகிற ஆளாக. என்னைப் பார்த்ததும் உன் மாமனாருக்கு முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "அட சம்பந்தி, மகளுக்கு ஓடக் கத்துக் குடுத்தீங்க, நீங்க இப்ப துப்பாக்கி தொடக் கத்துக்கிட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடப் பலமாக. அவர் துப்பாக்கியை வாங்கி, பழக்கதோஷம், தட்டோடு நின்ற இளையவளின் நெற்றிக்கு நேரே பிடித்துச் சொடுக்கினார். பொறி பறந்தது. கை தட்டினார்கள். அவள் கண்ணை மூடித் திறந்தாள். உன்னைப் பார்த்ததுபோல இருந்தது.

கண்ணாடி எடுத்து வரவில்லை, நீயே படி என்று தகட்டை அவளிடம் நீட்டினார். அவள் சத்தமாகப் படித்தாள்: "செய்தவர் தெரியவில்லை. சுவரிலிருந்து இறக்கியபோது உள்ளே மருந்தும் குண்டும் இருந்தன." நான் சட்டைப்பையிலிருந்து குண்டை எடுத்துத் தட்டில் வைத்தேன். அது உருண்டுபோய் அவருடைய கோப்பையில் முட்டி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. இளையவள்தான் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, பாப்பா காதுகிட்ட வச்சு விளையாடுனீங்களே?" அவர் துப்பாக்கியைச் சோபாவில் வைத்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உன் மாமியார் கணவர் பக்கமே பார்க்காமல், "இது ஆபத்துன்னு மூத்தவ அன்னைக்கே சொன்னா" என்றார். எனக்கு அது போதும் என்று நினைக்கிறாயா? போதவில்லை. ஆனாலும் உன் மாமனார் முகம் போன போக்கை ஒரு வாரமாக நினைத்து நினைத்துச் சாப்பிடுகிறேன். அம்மாகூட ஒரு பிடி கூடுதலாக வைக்கிறாள்.

குண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உன் வீட்டுக்காரன் தெருமுனைவரை பின்னாலேயே ஓடி வந்து, "அவ பயந்தது சரின்னு இப்பத்தான் தெரிஞ்சுது, மாமா" என்று உன் விலாசம் கேட்டான். ஈயத்தைப் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறவனிடம் என்ன பேச? "எனக்கு எழுதப்படிக்க அவ்வளவா வராதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். நீ சொல்லாமல் என் வாயிலிருந்து வராது.

குண்டு அம்மாவின் பொத்தான் டப்பாவில் இருக்கிறது. உனக்கு அனுப்ப மாட்டோம். துப்பாக்கி காலி, கிளம்பும் முன் நானே கம்பியை விட்டுப் பார்த்தேன், அடிவரை போகிறது. சுவரிலும் அதை நான் மாட்டவில்லை, அங்கே வெறும் ஆணி மட்டும்தான் நிற்கிறது.

அதனால் அம்மாடி, இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு லைட்டரைக் கையில் எடு. ஒரே ஒரு தடவை சொடுக்கு. தேநீர் கொதிப்பதற்குள் அம்மாவுக்கு இரண்டு வரி எழுதிப் போடு. நீ நன்றாக இருக்க வேண்டும், நன்றாக மட்டுமே இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா